நகர்ப்புற வறுமை ஒழிப்பு, இளைஞர் நலப் பணியில் நிர்வாகி ஆவது: அரசுத் தேர்வா, ஒப்பந்தப் பணியா, தொண்டு நிறுவனமா?

சமூகப் பணியில் முதுகலை முடித்து வெளியே வருகிறவர்கள் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நகர்ப்புற ஏழைகளுக்கும் இளைஞர்களுக்குமான திட்டங்களில் நிர்வாகப் பொறுப்புக்கு வர வேண்டுமானால் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பதா, மிஷன் எனப்படும் அரசுத் திட்ட இயக்கங்களின் ஒப்பந்தப் பணியில் சேர்வதா, தொண்டு நிறுவனத்துக்குப் போவதா, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் அறக்கட்டளைகளில் இடம் தேடுவதா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவருடைய வயது, வீட்டு நிலைமை, கல்விக் கடன் பாக்கி ஆகிய மூன்றும் தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதால், நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் இந்தப் பணியில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் 7 ஆண்டுகள் வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி. அடுத்த 7 ஆண்டுகள் ஒரு மாநகராட்சியில் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் ஒப்பந்த மேலாளர். அதன்பின் இன்றுவரை ஓர் அறக்கட்டளையின் நகரத் திட்டங்களுக்குப் பொறுப்பு. இடையில் தேர்வாணையத் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டாம் முறை முதன்மைத் தேர்வு வரை போய்த் திரும்பியவள். ஆகையால் அரசுப் பணியைப் பற்றி நான் எழுதுவது மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பார்த்தது. மற்ற மூன்றும் பட்டறிந்தவை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தப் பணியைச் சேவை என்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பட்டியலோடும் பணத்தோடும் தேதியோடும் மல்லுக்கட்டும் வேலை. யார் பயனாளி என்ற பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிக்க வேண்டும். ஒதுக்கிய நிதியை நிதியாண்டுக்குள் முறைப்படி செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும். அந்தச் செலவால் ஒரு தெருவில் ஏதாவது மாறியதா என்று மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வேலைக்கு எந்த நிறுவனத்தின் வேலை அட்டவணையிலும் நான் இடம் கண்டதில்லை. ஆனால் நல்ல நிர்வாகி யார் என்பதைக் குடியிருப்பு மக்கள் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

நான்கு வழிகளின் வேறுபாட்டையும் ஒரே அறையில் பார்க்க வேண்டுமானால் சாலையோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவின் கூட்டத்துக்குப் போக வேண்டும். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அந்தக் குழுவின் தலைவர் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் 10 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் உண்டு. ஆணையர் ஒப்புக்கொண்டால்தான் ஒரு தெரு விற்பனைப் பகுதியாக முடியும். தொண்டு நிறுவனப் பிரதிநிதி எழுந்து பேசலாம், தம் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லலாம். கணக்கெடுப்பு, வரைபடம், அடையாள அட்டைப் பட்டியல் எல்லாவற்றையும் பல இரவுகள் விழித்துத் தயாரித்த இயக்க மேலாளர் சுவரோரமாகக் கோப்போடு உட்கார்ந்திருப்பார், கேட்டால் பேசுவார். பெருநிறுவன அறக்கட்டளையின் ஆளை அந்த அறையில் பார்க்க முடியாது. அவரை நிழற்குடை வழங்கும் விழாவுக்கு அழைப்பார்கள். சற்று மிகைப்படுத்தித்தான் சொல்கிறேன், ஆனால் அதிகமாக இல்லை.

அரசுப் பணியில் கிடைப்பது ஆணையரிடம் இருக்கும் அந்தக் கையெழுத்து அதிகாரம். தொகுதி 2 (குரூப் 2) தேர்வின் வழியாக நகராட்சி ஆணையர், சட்டத்தோடு முரண்பட்ட இளையோரைக் கண்காணித்து வழிப்படுத்தும் சமூகப் பாதுகாப்புத் துறையின் நன்னடத்தை அலுவலர், இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர் போன்ற பதவிகளுக்கு வரலாம். தொகுதி 1 தேர்வு துணை ஆட்சியர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் முதலிய பதவிகளைத் திறக்கிறது. அவற்றில் தொடக்க அடிப்படை ஊதியமே 56,100 ரூபாய். நகர ஏழைகளோடு வேலை செய்ய விரும்புகிறவருக்கு இவற்றுள் மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால், தயங்காமல் நகராட்சி ஆணையர் என்பேன். வீடற்றோர் தங்குமிடத்துக்கு இடம் ஒதுக்குவது முதல் துப்புரவுப் பணியாளரின் நிலுவைச் சம்பளம் வரை, ஒரு நகரத்தில் ஏழையின் நாளைத் தீர்மானிக்கும் எத்தனையோ சிறு முடிவுகள் அந்த மேசையைக் கடந்தே போகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினருக்கு மேல் நகரவாசிகள். மாநகராட்சிகளின் எண்ணிக்கை இப்போது 25 ஆகியிருக்கிறது. அந்த மேசைகளில் வேலை குறைய வாய்ப்பே இல்லை.

ஆனால் நகர்ப்புற வறுமை ஒழிப்பு என்று தனியாக ஒரு பணித்தொகுதி நம் மாநிலத்தில் கிடையாது என்பதைத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். துணை ஆட்சியராகத் தேர்வானவர் நில எடுப்பிலோ முத்திரைத் தீர்வையிலோ பல ஆண்டுகளைக் கழிக்க நேரலாம். 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம்தான் 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கி மாநிலம் முழுவதும் பரப்பியது. அதன் மாவட்ட அலுவலகங்களின் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிற துறைகளிலிருந்து அயற்பணியில் வருகிறவர்கள். அவர்களில் சிலர் மிகச் சிறந்தவர்கள். ஆனால் குழுவின் தீர்மான நோட்டை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் அவர்களுக்கு மாறுதல் ஆணை வந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நிரந்தரமான ஒரு நகர்ப்புற ஏழைகள் துறை என்று சொல்லத்தக்கது 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் ஒன்றுதான். 2021 முதல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியிருக்கிறது. அங்கும் முதுகெலும்பு பொறியாளர்கள்தாம். சமுதாய வளர்ச்சிப் பிரிவு உண்டு, கட்டடங்களின் நிழலில்.

தேர்வின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொகுதி 1 தேர்வுக்கு உயர் வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 34, பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட பிரிவினருக்கு 39. பார்க்கும்போது நிறைய காலம் இருப்பதாகத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் களப்பணிக்குப் போய், இரவு குழுக் கூட்டம் முடித்து, பதினொரு மணிக்கு மேல் அரசியலமைப்புச் சட்டத்தின் உறுப்புகளை மனப்பாடம் செய்தேன். முதல் முயற்சி முதல்நிலைத் தேர்வோடு முடிந்தது. இரண்டாம் முறை முதன்மைத் தேர்வு வரை போக முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன் ஐந்து மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்ததுதான். வேலை பார்த்துக்கொண்டே தேர்ச்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் களப்பணி என்பது மாலை ஆறு மணிக்கு மூடும் அலுவலகம் அல்ல. குடியிருப்பில் பெண்கள் கூட்டத்துக்கு வரும் நேரமே இரவு எட்டுக்குப் பிறகுதான்.

இரண்டாவது வழியான இயக்க ஒப்பந்தப் பணியைப் பற்றி நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் பலர் அது என்னவென்று தெரியாமலே சேர்கிறார்கள். மத்திய அரசின் நகர்ப்புற வறுமைத் திட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1989-இல் நேரு ரோஜ்கார் யோஜனா வந்தது. 1997 டிசம்பரில் அதன் இடத்தைச் சுவர்ண ஜெயந்தி நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் பிடித்தது. 2013 செப்டம்பரில் அதற்கு மாற்றாகத் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியது. அதன் காலம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. எட்டு முதல் பதினாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்ப் பலகை மாறுகிறது என்பதை இந்தத் தேதிகளே சொல்லும். பலகை மாறும்போது நிரந்தர ஊழியர்கள் வேறு பிரிவுக்குப் போவார்கள். ஒப்பந்த ஊழியர்களோ நீட்டிப்பு ஆணைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை காத்திருப்பார்கள்.

இருந்தும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் பார்க்கவில்லை. அந்த இயக்கத்தின் வழிகாட்டு நெறிமுறைப்படி அப்போது ஏறத்தாழ 3,000 ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு சமுதாய அமைப்பாளர். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு, அந்தக் குழுவுக்கு 10,000 ரூபாய் சுழல்நிதி. பத்து முதல் இருபது குழுக்கள் சேர்ந்தால் பகுதி அளவிலான கூட்டமைப்பு, அதற்கு 50,000 ரூபாய். தனிநபர் தொழில் கடன் 2 லட்சம் வரை, குழுத் தொழில் கடன் 10 லட்சம் வரை. வட்டியில் 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கை அரசு ஏற்றது. இவற்றோடு திறன் பயிற்சி, வீடற்றோர் தங்குமிடம், சாலையோர வியாபாரிகளுக்கான ஆதரவு. ஒரே மேலாளரின் மேசைக்கு இத்தனையும் வருவதால், நகரத்தின் ஏழ்மை எங்கெங்கே எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது மூன்று ஆண்டில் கைரேகையாகப் பதிந்துவிடும். தொண்டு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் இருந்தும் நான் வங்கியாளர் கூட்டம் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. இயக்கத்தில் சேர்ந்த இரண்டாம் மாதமே அதில் உட்கார்ந்தேன்.

பொறுப்பு அவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் 2020 ஜூன் மாதம் தொடங்கியது. முதல் கடனாக 10,000 ரூபாய், அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவருக்கு இரண்டாவதாக 20,000 என்பது அப்போதைய விதி. பேருந்து நிலையத்தின் தெற்கு வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அக்கா, பன்னிரண்டு தவணையையும் கட்டி முடித்துவிட்டு இரண்டாம் கடனுக்கு விண்ணப்பித்தார். இணையதளத்தில் ஒரு தவணை நிலுவை என்று காட்டியது. நான் அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். கட்டைவிரல் அகலத்துக்குக் கிழிந்த அட்டையுடைய ஒரு சின்ன நோட்டை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டிய தேதி, தொகை, அன்று கவுன்டரில் இருந்தவர் கண்ணாடி போட்டவரா போடாதவரா என்பது வரை பென்சிலில் எழுதியிருந்தது.

“எல்லாம் கட்டிட்டேன் சார், நீங்களே பாருங்க.”

மேலாளர் நோட்டைப் பார்த்தார், கணினியையும் பார்த்தார். “சிஸ்டம்ல ஓவர்டியூ காட்டுது மேடம், நான் என்ன பண்ண முடியும்?” என்று என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக வங்கி பிடித்துக்கொண்ட தொகையால், அவர் கட்டிய தவணை முழுத் தவணையாகப் பதிவாகவில்லை. அதைச் சரிசெய்ய மூன்று முறை போனேன். வங்கிக்கு ஆணையிட எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, மாநகராட்சியின் முத்திரையைக்கூட நான் பயன்படுத்த முடியாது. கடைசியில் மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையில் இதுபோன்ற நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆட்சியர், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரைப் பார்த்து, அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றார். ஆறாம் நாள் முடிந்தது. ஐந்து மாத அலைச்சலுக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஒப்பந்தப் பணிக்கும் அரசுப் பணிக்கும் உள்ள இடைவெளி. அதே நேரத்தில், அந்தத் தாளில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பது ஆட்சியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஊதியம் தொகுப்பூதியம். அகவிலைப்படி கிடையாது, ஊதிய உயர்வு இயக்குநரகத்தின் மனநிலையைப் பொறுத்தது. பல இடங்களில் வெளிமுகமை வழியாகவே ஆள் எடுப்பதால், ஊழியரின் மேலதிகாரி ஓர் அலுவலகத்திலும் சம்பளம் தருபவர் வேறோர் அலுவலகத்திலும் இருப்பார்கள். எனக்கு ஒருமுறை நான்கு மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்தது. அந்த நான்கு மாதமும் நான் மற்றவர்களுக்குச் சேமிப்புப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. ஏழு ஆண்டு அனுபவம் பணி நிரந்தரத்துக்கு உரிமை தராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தருமென்ற நம்பிக்கையில் நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் எனக்கு உண்டு.

தொண்டு நிறுவனத்தின் பலம் வேறு வகையானது. அங்கே திட்டத்தின் வடிவத்தை மாற்றலாம். நகரத்தின் தென்கோடியில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருசக்கர வாகனப் பழுதுநீக்கும் பயிற்சி நடத்தினோம். 27 பையன்களோடு தொடங்கிய வகுப்பில் மூன்றாம் வாரம் 11 பேர். ஆர்வமில்லை என்று பயிற்றுநர் அறிக்கை எழுதினார். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நானே போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பழைய குடிசைப் பகுதியில் இருந்தபோது நடந்து போகும் தொலைவில் வேலை பார்த்த தாய்மார்கள் இப்போது விடியற்காலைப் பேருந்தில் நகருக்குள் போகிறார்கள். தம்பி தங்கைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பொறுப்பு இந்தப் பையன்களுடையது. ஒன்பது மணி வகுப்புக்கு அவர்களால் எப்படி வர முடியும்? அன்று மாலையே வகுப்பைப் பத்தரை மணிக்கு மாற்றினோம். அடுத்த திங்களன்று 22 பேர் வந்தார்கள்.

இதே வகுப்பு அரசு நிதியில் நடந்திருந்தால், விரல்ரேகை வருகைப் பதிவின் நேரத்தை மாற்ற மேலே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அரசின் திறன் பயிற்சித் திட்டங்களுக்கான பொதுவான செலவு விதிமுறைப்படி பயிற்சி நிறுவனத்துக்கு வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் சேர்ந்து நிலைத்தபின் 20 என்று பணம் வருகிறது. கணக்குக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் தம்பியைப் பள்ளியில் விடும் பையனைச் சேர்ப்பதைவிடத் தடையில்லாமல் வரக்கூடியவனைச் சேர்ப்பதே நிறுவனத்துக்கு இலாபம் என்று அந்தக் கணக்கு சொல்லாமல் சொல்கிறது. அதை எதிர்த்து நிற்கும் நிர்வாகி எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நல்ல நிர்வாகிதான். எதிர்த்து நிற்பதற்கு இடம் தொண்டு நிறுவனத்தில் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது.

பலவீனம் நிதி. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்களிடமிருந்து பகிர்ந்து பெற்ற பணத்தில் ஒரே ஒரு குடியிருப்பில் வேலை செய்த சிறிய அமைப்புகளுக்கு அதுதான் பெரிய அடி. உங்கள் பதவியின் பெயர் திட்ட மேலாளர் என்றால் சம்பளத்தின் ஒரு பகுதி நிர்வாகச் செலவாகக் கருதப்படலாம். அதனால் தேர்ந்த நிர்வாகிக்குப் பதிலாக இரண்டு களப்பணியாளர்களை எடுப்பதே மேல் என்று நிறுவனம் நினைக்கும். நிறுவனரின் குணமும் ஒரு பெரும் கூறு. சென்னையில் 1978-இல் உழைக்கும் மகளிருக்காகத் தொடங்கிய அமைப்பும், மதுரையைத் தளமாகக் கொண்டு களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்த தானம் அறக்கட்டளையும் தமக்கென நிர்வாகிகளை உருவாக்கி வளர்ந்த நிறுவனங்கள். எல்லா இடத்திலும் அப்படி அமையாது. இரண்டாம் நிலைத் தலைவர்களை வளரவிடாத நிறுவனத்தில் எவ்வளவு ஆண்டு இருந்தாலும் நீங்கள் உதவியாளர்தான்.

பெருநிறுவன அறக்கட்டளை வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2014 ஏப்ரல் முதல், நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். குடிசைப் பகுதி மேம்பாடும் அதில் அனுமதிக்கப்பட்ட இனம். சம்பளம் மற்ற மூன்று வழிகளையும்விடப் பொதுவாக நன்றாக இருக்கும், அலுவலகம் குளிரூட்டப்பட்டிருக்கும். ஆனால் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியால் ஆட்கள் மிகக் குறைவு. ஒருவரே எட்டு நகரங்களின் இருபது திட்டங்களைக் கண்காணிப்பார். பணத்தைக் கொடுப்பவராக இருப்பதால் குடியிருப்பில் எவரும் அவரிடம் குறையைச் சொல்ல மாட்டார்கள். நிறுவனம் தன் தொழிற்சாலை இருக்கும் இடத்தைச் சுற்றியே செலவிட விரும்பும். ஏழைகள் இருக்கும் இடமும் தொழிற்சாலை இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, களத்தை நன்றாக அறிந்தவர் போனால் அங்கே பெரிய நன்மை செய்யலாம். இருபத்துமூன்று வயதில் போகிறவருக்கு அறிக்கையைப் படிக்கத் தெரிந்துவிடும், தெருவைப் படிக்க வராது.

இளைஞர் திட்டங்களைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் வறுமை ஒழிப்புத் திட்டங்களின் அச்சு பெண்கள் குழு. அது சரியான தேர்வுதான். ஆனால் பதினாறு வயதுக்கும் இருபத்துநான்குக்கும் இடைப்பட்ட பையனுக்கு அந்தக் கட்டமைப்பில் முகவரி இல்லை. அரசை அவன் சந்திக்கும் இடங்கள் காவல் நிலையமும் பயிற்சி மையமும்தான். காவல்துறையின் சிறார் மன்றங்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகின்றன. மத்திய அரசின் நேரு யுவ கேந்திரா என்ற இளைஞர் அமைப்பு 1972-இல் தொடங்கியது, 2023 அக்டோபர் இறுதியில் மை பாரத் என்ற தளமும் வந்தது. ஆனால் அவற்றின் பழக்கம் கிராமத்து இளைஞர் மன்றங்களோடு வளர்ந்தது. மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கி, பெருமளவில் கல்லூரி வழியாக இளைஞர்களை அடைகிறது. கல்லூரிக்கே வராதவனைத் தேடிப் போவது இன்னும் தெருவில் நிற்பவர்களின் வேலையாகவே இருக்கிறது. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரின் பெண் ஒருவர் இருந்ததை எல்லோரும் கொண்டாடினோம். ஒவ்வொரு நாள் மாலையும் அந்தக் குடியிருப்பின் திடலில் பயிற்சி கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். இளைஞர் நிர்வாகம் என்று நான் சொல்வது அந்தத் திடலைத் திறந்து வைத்திருக்கும் வேலையை. இளைஞர் பணியே நோக்கம் என்றால் ஸ்ரீபெரும்புதூரில் 1993 முதல் இயங்கும் இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் படிப்பதும், பின் தொண்டு நிறுவனத்தில் தொடங்குவதும் இன்றைய நிலையில் நல்லது. நிர்வாகத்தின் கண்டிப்பும் சட்டத்தின் பலமும் சேர்ந்த வேலை வேண்டுமானால் நன்னடத்தை அலுவலர் பதவியை நோக்கிப் படிக்கலாம். இளம் சமூகப் பணியாளர்கள் அந்தப் பதவியை ஏனோ கண்டுகொள்வதே இல்லை.

முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் அரசின் உள்ளிருந்து பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. கிடைத்தால் விட வேண்டாம். கிடைக்கும் என்று வைத்து வாழ்க்கைத் திட்டம் போடவும் வேண்டாம்.

இனி என் கருத்து. இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பதைவிட எதை முதலில் செய்வது என்று கேட்பதே பயனுள்ளது, ஏனென்றால் நான்கு வழிகளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சம அளவில் திறப்பதில்லை. தொண்டு நிறுவனத்திலிருந்து இயக்கத்துக்கும், இயக்கத்திலிருந்து அறக்கட்டளைக்கும் எந்த வயதிலும் போகலாம். தேர்வின் கதவுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. குடும்பத்தின் தாங்குதிறன் என்ற இன்னொரு வரம்பும் உண்டு. அது எந்த அறிவிக்கையிலும் அச்சிடப்படுவதில்லை. வீட்டில் கடன் இல்லை, பெற்றோர் இரண்டு மூன்று ஆண்டு பொறுப்பார்கள் என்றால், படிப்பை முடித்ததும் இரண்டு ஆண்டுகள் ஒரு குடியிருப்பில், ஒரே குடியிருப்பில், தொண்டு நிறுவனக் களப்பணி செய்யுங்கள். அதன்பின் வேலையை முழுவதுமாக விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் தேர்வுக்குப் படியுங்கள். வேலையோடு சேர்த்துப் படிக்கலாம் என்ற நினைப்பு என்னை மூன்று ஆண்டுகள் ஏமாற்றியது. தேர்ச்சி பெற்றால், களம் தெரிந்த அலுவலர் ஒருவர் மாநிலத்துக்குக் கிடைப்பார். பெறாவிட்டால் இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் இயக்கப் பணிக்குள் வந்து, ஐந்து ஆண்டுக்கு மேல் தங்குவதில்லை என்ற தீர்மானத்தோடு கற்றுக்கொண்டு, அங்கிருந்து நகருங்கள். நான் ஏழு ஆண்டு இருந்தேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் புதிதாக எதையும் கற்கவில்லை.

குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, கல்விக் கடனோடு வெளியே வருகிறவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் நேரே தொகுதி 2 தேர்வுக்கு உட்காரட்டும், களத்தைப் பதவியில் இருந்தே கற்றுக்கொள்ளட்டும். ஏழைகளுக்கான வேலையைச் செய்ய விரும்புகிறவர் தாமும் ஏழையாகவே இருந்துதான் செய்ய வேண்டும் என்று நம் துறையில் சிலர் பேசுவதுண்டு. அப்படிப் பேசுகிறவர்களில் பலருக்குச் சொந்த வீடு உண்டு. பெண்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவுக் கூட்டம், கடைசிப் பேருந்து, கழிப்பறை இல்லாத அலுவலகம் ஆகியவை முதல் மூன்று ஆண்டுகளில் எத்தனையோ நல்ல பெண் பணியாளர்களை இந்தத் துறையிலிருந்து வெளியேற்றியிருக்கின்றன. சேரும் இடத்தில் இரவுப் பயணத்துக்கு வண்டி ஏற்பாடு உண்டா என்று நேர்காணலிலேயே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நேர்காணலில் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி, இந்த நாற்காலியில் எனக்கு முன் இருந்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்பது. இயக்கத்தில் சேரும்போது நான் அதைக் கேட்கவில்லை. எனக்கு முன் மூன்று ஆண்டில் மூன்று பேர் மாறியிருந்தார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இப்போதைய அறக்கட்டளைக்கு வந்தபோது கேட்டேன். முன்னவரின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இப்போதே பேசுங்கள் என்று என்னைத் தனியறையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்மணி நாற்பது நிமிடம் பேசினார். அதில் பாதி, எந்தக் குடியிருப்பில் யாரிடம் முதலில் போய்ப் பேச வேண்டும் என்பது. மறுநாள் சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.